குடையில் இறங்கியவர்களின் சட்டை

சாம்பல்தீவுப் பாலத்தைத் தாண்டி நடந்துகொண்டிருக்கும்போது என் பையின் வார் அறுந்தது. பின்னால் விட்டு வந்தது நிலாவெளியில் ஒரு ஹோட்டல் குசினி. ஏழு மாதம் வெங்காயம் உரித்து, சட்டி கழுவி, வெள்ளைக்காரருக்கு முட்டை பொரித்த இடம். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. ஒரு காலையில் எழும்பியபோது போதும் என்று பட்டது, வெளிக்கிட்டுவிட்டேன். எட்டாம் வகுப்போடு கட்டைபறிச்சானை விட்டு வந்த நாளிலிருந்து எனக்கு இப்படித்தான். உப்பளம், வெங்காய லொறி, கல் உடைக்கிற இடம், மீன் வாடி. எங்கேயும் ஒரு வருசம் முழுதாக இருந்ததில்லை.

பைக்குள் இரண்டு சாரம், ஒரு சேட், துவாயில் சுற்றிய நாலு படம். படங்கள் ஹோட்டலின் சாப்பாட்டு அறையில் தொங்கியவை. சுவருக்குப் புது வர்ணம் அடித்தபோது, பழையதைக் குப்பையோடு எரித்துவிடச் சொல்லி முதலாளி என்னிடம் தந்தார். எரிக்க மனம் வரவில்லை. எல்லாம் யுத்தப் படங்கள். எங்களுடைய யுத்தம் இல்லை, வெள்ளைக்காரனின் காலத்து யுத்தம். ஒன்றில் ஆகாயம் முழுக்கப் பரசூட் குடைகள். ஒன்றில் விமானத்துக்குள் வரிசையாக நிற்கும் படையாட்கள். அதில் ஒருவன் கண்ணை இறுக்கி மூடியிருந்தான். அவனுக்காகத்தான் நான் அவற்றை வைத்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திருகோணமலை ரவுணுக்கு வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. தேத்தண்ணிக் கடையில் விசாரித்தேன். துறைமுகத்துக்கு இறங்குகிற வீதியில் ஒரு தையல்கார அக்கா இருக்கிறா, வேலை நல்ல வேலை, கதைதான் கொஞ்சம் சூடு என்றார் கடைக்காரர்.

அவவின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் "ஏன் எழுதினனீர்?" என்று கேட்பா. ஐம்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு. கழுத்தில் அளவு நாடா. ஒரு கால் ஒடிந்த மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டிக் காதில் மாட்டியிருந்தா. வாசலில், ரவுணுக்குள் திரிகிற மான்களில் ஒன்று நின்று வெட்டுத்துணித் துண்டை மென்றுகொண்டிருந்தது. அதை ஒரு கையால் தள்ளிவிட்டு மற்றக் கையால் என் பையை வாங்கினா. உள்ளே இருந்ததையெல்லாம் என்னிடமே எடுத்துத் தந்தா. பிறகு பையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பினா.

"வார் அறுந்ததெண்டு ஆர் சொன்னது?"

"அறுந்துதானே கிடக்கு, அக்கா."

"வாரில பிழையில்லை. அடித் தையல் உக்கிப் போச்சு. பாரமெல்லாம் வாருக்கு வந்திருக்கு. நீர் இதைத் தலைக்கு வைச்சுப் படுக்கிறனீர். வேர்வை உக்க வைச்சிருக்கு."

அது உண்மை. பேருந்து நிலையங்களில் அந்தப் பைதான் எனக்குத் தலையணை.

இதுதான் அவவின் குணம். எந்தச் சாமானையும் உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லமாட்டா. பார்த்துவிட்டால், கண்டதைச் சொல்லுவா. கண்டதுக்கு மேலே அரை விரற்கடை கூடச் சொல்லமாட்டா. கேட்கிறவருக்கு அது இனிக்குமா கசக்குமா என்பது அவவின் கணக்கில் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த கிழமையே அதைப் பார்த்தேன். ஒரு பெரிய வீட்டு அம்மா காரில் வந்து, வேறு கடையில் தைத்த சாறிச் சட்டையை மேசையில் எறிந்தா. பிடிக்குது, மூச்சு விட ஏலாது, அந்தக் கடைக்காரன் துணியைக் களவெடுத்திட்டான் என்று கத்தினா. அக்கா சட்டையைத் திருப்பினா. தையல் மூட்டுகளை விரலால் தடவினா.

"அவன் களவெடுக்கேல்லை. உள்ளுக்கு ஒரு அங்குலம் விட்டுத்தான் தைச்சிருக்கிறான். நல்ல வேலைகாரன். நீங்கள்தான் உடம்பு வைச்சிருக்கிறியள்."

அந்த அம்மா சட்டையை இழுத்துப் பார்த்தா. "அப்ப என்ன செய்யிறது?" என்றா கடைசியில்.

"அந்த அங்குலத்தை அவிழ்த்து விடலாம். அதுக்கு மேல என்னால ஏலாது. மிச்சம் உங்கட கையில."

கிண்ணியாவிலிருந்து துணி கொண்டு வருகிற முஸ்லிம் வியாபாரி, நானா ஒருவர், மாதம் ஒருமுறை வருவார். பள்ளிச் சீருடைத் துணி. சுத்தப் பருத்தி என்று சத்தியம் பண்ணுவார். அவ ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுவா. நூல் சுருண்டு உருகும். "பாதிதான் பருத்தி, நானா" என்பா.

"உம்மட வாயில ஒரு நாளைக்காவது நல்ல சொல்லு வராதா, தங்கச்சி?"

"வரும். முழுப் பருத்தி கொண்டு வாங்கோ."

நானா சிரித்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார். துணியை அவவிடம் விற்கிறதை அவர் ஒருநாளும் நிறுத்தவில்லை. அவ ஒரு துணியை நல்லது என்று சொல்லிவிட்டால், அந்தச் சொல்லை வைத்தே ரவுண் முழுக்க விற்கலாம் என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

முதல் நாளுக்குத் திரும்பி வருகிறேன். பையைத் தைத்துக்கொண்டிருக்கும்போது அவவின் கண் படங்களில் விழுந்தது. என்ன படம் என்று கேட்டா. குடையில் இறங்குகிற ஆமிக்காரர், சீனன்குடா விமானத் தளத்திலிருந்து விமானத்தில் ஏறிப் பழகினவை என்று ஹோட்டலில் எழுதியிருந்தது என்றேன். அந்தப் படங்களுக்குக் கீழே இருந்து முட்டை சாப்பிட்ட எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் குதிக்கிறவர்களைத்தான் பார்ப்பார்கள். அவ குடையைப் பார்த்தா. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அதைப் படத்துக்கு மேல் பிடித்து, உதடு அசைய எண்ணினா.

"இந்தப் பக்கம் பதினாலு துண்டு. மற்றப் பக்கமும் அப்பிடியெண்டால் இருபத்தெட்டு. ஒவ்வொரு மூட்டுக்குள்ளயும் கயிறை வைச்சு மடிச்சுத் தைச்சிருக்கு. ஒரு மூட்டு விட்டால் ஆள் கீழ." மூக்குக்கண்ணாடியைத் திரும்ப மாட்டினா. "இதுகளைத் தைச்சது பொம்பிளையளாத்தான் இருக்கும். வீட்டுக்குப் போய் அவைக்குச் சோறு இறங்கியிருக்குமோ தெரியாது."

காணாத ஒன்றைப் பற்றி அவ ஊகம் சொன்னது, நான் அறிய, அந்த ஒரு தரம்தான்.

பிறகு "தெறி தைக்கத் தெரியுமோ?" என்று கேட்டா. சட்டைக்குத் தெறி, அதாவது பொத்தான், தைக்க எனக்குத் தெரியாது, பழகலாம் என்றேன். பாடசாலை தொடங்குகிற காலம். வேலை குவிந்து கிடந்தது. பின் அறையில் பாய் போட்டுக்கொள்ளச் சொன்னா. படங்கள் நாலையும் அளவு பார்க்கிற நிலைக்கண்ணாடிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தோம்.

அவவின் தமையன் ஓட்டோ ஓடுகிறவர். மூன்றாம் நாள் தேத்தண்ணி குடிக்க வந்தவர் கண்ணாடிக்கு முன்னால் நின்றுவிட்டார். நாலு படத்தில் ஒன்றை எடுத்தார். படையாட்கள் தரையில் இறங்கிவிட்டார்கள். வெள்ளைத் துணியைக் கையில் சுருட்டி மடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு ஓரத்தில் கிணற்றுக்கட்டு. அவர்களுக்குப் பின்னால் ஒரு குளக்கட்டு, மதகு. அதற்கும் பின்னால் மலை.

"எங்கட மலை" என்றார். படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டு போனார்.

அப்போதுதான் அவர்களுடைய காணிக் கதை எனக்குத் தெரிய வந்தது. இறக்கக்கண்டிக்கு மேற்கே உள்ளே போனால் ஒரு சின்னக் குளம். அதன் கீழே இருபத்து மூன்று குடும்பம் வீடும் வளவுமாக இருந்தது. யுத்தத்தில் ஒரே நாளில் எழும்பி ஓடினார்கள். அக்காவுக்கு அப்போது பதினொரு வயது. தகப்பன் தையல் மெசினின் தலையை மட்டும் கழற்றிப் படுக்கை விரிப்பில் கட்டித் தோளில் சுமந்தார். ஐந்து முகாம் மாறினார்கள். மூன்றாவது முகாமில் தகப்பன் செத்தார். யுத்தம் முடிந்து திரும்பிப் போனபோது வேலி போட்டிருந்தது. ஒரு அரசாங்கத் திணைக்களம் அதைக் காடு என்று சொன்னது. இங்கே ஒரு காலமும் குடியிருப்பு இருந்ததில்லை, கோப்பில் அப்படித்தான் இருக்கிறது என்றது. மண் வீடுகள் மண்ணோடு போய்விட்டன. காணி உறுதிப் பத்திரங்கள் எரிந்துவிட்டன. காணியைத் திரும்பக் கேட்டு எல்லாரும் அக்காவை முன்னுக்கு வைத்துக் குடுத்த மனுவின் விசாரணைக்கு இன்னும் ஐந்து கிழமை இருந்தது. அதுதான் கடைசி விசாரணை என்று கடிதம் வந்திருந்தது.

"அப்பா சொல்லுவாரே" என்றார் தமையன். "சின்ன வயசில, குளத்துக்குக் கீழ வெள்ளைக்காரன் குடையில இறங்கினவன் எண்டு. இதுதான் அது. கடவுள் கொண்டு வந்து தந்திருக்கிறார்."

அக்கா படத்தை வாங்கினா. அதிக நேரம் பார்த்தா.

"இது எங்கட மலை இல்லை."

"விசர்க் கதை கதைக்காத."

"எங்கட பக்கம் நிண்டு பார்த்தால் மலை வலப்பக்கம் செங்குத்து, இடப்பக்கம் சரிவு. இதில மாறியிருக்கு."

"மலைக்குப் பின்னால நிண்டு எடுத்திருப்பான்."

"பின்னால குளம் இல்லை. இதில குளம் நடுவில இருக்கு."

"ஆர் அவ்வளவு பார்க்கப் போகினம்? மலை, குளம், கிணறு, எல்லாம் இருக்கு. காட்டுவம்."

"பார்ப்பினம். பார்த்தால், பிறகு நாங்கள் சொல்லுற உண்மையையும் நம்பமாட்டினம். நான் இதைக் கொண்டு போகமாட்டன், அண்ணை."

தமையன் தேத்தண்ணியைக் குடிக்காமல் போய்விட்டார். அடுத்த நாட்களில் ஊர்ச்சனம் வந்தது. ஒருவர் கெஞ்சினார். ஒரு மாமி, சொந்த மண்ணை வேண்டாம் என்கிறவளுக்கு மண் கிடைக்காது என்று வாசலில் நின்று சாபம் போட்டா. அக்கா எல்லாருக்கும் கதிரை போட்டா, தண்ணி குடுத்தா, அதையே சொன்னா. இரவில் சாப்பிடாமல் படுத்தா என்பது, காலையில் பானையைத் திறக்கும்போது எனக்குத் தெரியும். அந்த மண் அவவுக்கு வேண்டாததில்லை. தகப்பன் சுமந்து வந்த மெசின் தலையைக் கொண்டுபோய் அங்கேயே ஒரு மேசையில் வைக்கவேண்டும் என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தா.

பிழை விட்டது நான். பன்னிரண்டு பொடியன்களின் பள்ளிச் சேட்டுக்குத் தெறி தைக்கத் தந்திருந்தா. முந்தின நாள் முழுக்கப் பொம்பிளைப் பிள்ளைகளின் சட்டைக்குத் தைத்த கை, அதே போக்கில் பன்னிரண்டுக்கும் இடப்பக்கம் தைத்துவிட்டது. அக்கா ஒன்றைத் தூக்கிப் பிடித்தா.

"பொடியன்களுக்குத் தெறி எந்தப் பக்கம், தம்பி?"

"வலப்பக்கம்."

"பொம்பிளையளுக்கு?"

"இடப்பக்கம்."

"அப்ப இது ஆருக்கு? இதைப் போட்டுக்கொண்டு போனால் பள்ளிக்கூடத்தில பெடியள்..."

வசனம் பாதியில் நின்றது. சேட்டைப் பிடித்தபடியே நிலைக்கண்ணாடிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தா. போய்ப் படத்துக்கு முன்னால் குந்தினா. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் படத்தின் மேல் பிடித்தா. நான் திட்டு வரும் என்று காத்திருந்தேன்.

"இங்க வாரும். இந்த ஆக்களின்ர தெறி எந்தப் பக்கம்?"

பார்த்தேன். துணி மடிக்கிற அந்தத் தடித்த ஆம்பிளைகள் எல்லாருடைய சட்டையிலும் தெறி இடப்பக்கம்.

அவ படத்தை எடுத்து நிலைக்கண்ணாடிக்கு நேரே பிடித்தா. கண்ணாடிக்குள் தெறிகள் வலப்பக்கம் போயின. மலையும் மாறியது. வலப்பக்கம் செங்குத்து, இடப்பக்கம் சரிவு.

படத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்து, பன்னிரண்டு சேட்டின் தெறியையும் அவிழ்க்க என்னோடு சேர்ந்து இருந்தா. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு ஸ்டூடியோக்காரரிடம் போனோம். பழைய ஆள். நெகட்டிவ்வைப் பின்பக்கமாக வைத்துக் கழுவினால் இப்படித்தான் வரும், தானும் ஒரு கலியாணத்துக்கு அப்படிக் கழுவி மாப்பிள்ளை வீட்டாரிடம் அடி வாங்கப் பார்த்தவன் என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அக்கா தமையனுக்குத் தொலைபேசி எடுத்தா.

விசாரணை நடந்த கந்தோருக்கு நானும் போனேன். படமும் ஒரு கைக்கண்ணாடியும் என் கையில். ஊர்ச்சனம் வாங்குகளில் இருந்தது. அதிகாரி நாகரிகமான மனிதர்தான். ஆனால் களைத்துப் போயிருந்தார். கண்ணாடியில் படத்தைப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"கண்ணாடியில பிடிச்சால் உலகத்தில எல்லா மலையும் மறுபக்கம் சரியும், அம்மா. நாளைக்குத் தலைகீழாப் பிடிப்பியள்."

"ஐயா, உங்கட சட்டையைப் பாருங்கோ."

"என்ன?"

"தெறி எந்தப் பக்கம் இருக்கு?"

அவர் குனிந்து பார்த்தார். வாசலில் நின்ற பியோனும் குனிந்து தன்னுடையதைப் பார்த்தார். வாங்கில் இருந்த ஆம்பிளைகள் எல்லாரும் நெஞ்சைத் தடவினார்கள். கணினிக்கு முன்னால் இருந்த பொம்பிளைப் பிள்ளை தன் சட்டையைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கினா.

"அந்தத் தங்கச்சிக்கு இடப்பக்கம். உங்களுக்கு வலப்பக்கம். இந்தப் படத்தில பதினொரு பேர் நிக்கினம். நாலு பேர் முதுகு. மிச்சம் ஏழு பேருக்கும் தெறி இடப்பக்கம். ஏழு பேரும் பொஞ்சாதிமாரின்ர சட்டையைப் போட்டுக்கொண்டோ ஐயா ஆகாயத்தால குதிச்சவை?"

பியோன் வெளியே போய்ச் சிரித்தார். அதிகாரி படத்தை மறுபடி எடுத்து, இந்த முறை நேரமெடுத்துப் பார்த்தார்.

"சரி. படம் மாறித்தான் கழுவியிருக்கு. அதால இது உங்கட ஊரெண்டு ஆகுமோ?"

"ஆகாது" என்றா அக்கா.

தமையன் தலையில் கை வைத்தார். பின்னால் யாரோ "ஐயோ" என்றார்கள்.

"நான் அப்ப பிறக்கேல்லை. இதுதான் எங்கட ஊரெண்டு சத்தியம் பண்ண என்னால ஏலாது. ஆனால் இதில கிணறு இருக்கு. மலை உச்சியும் மதகும் ஒரே நேரா வாற இடத்தில ஆளை நிப்பாட்டுங்கோ. படத்தைத் திருப்பிப் பிடிச்சால் கிணறு வலக்கைப் பக்கம் வரவேணும். காடெண்டால் அங்க கிணறு இருக்காது. இருந்தால், அது காடில்லை."

"அந்தக் கிணறு உங்களுக்கு நினைவிருக்கோ?"

"இல்லை. அது எங்கட வீட்டு வளவில்லை."

"அப்ப போய்ப் பார்த்து, இல்லையெண்டால்?"

"என்ர மனுவைக் கிழியுங்கோ."

அதிகாரி பேனையை மூடித் திறந்தார். நாளைக்கு நில அளவையாளர் அந்தப் பக்கம் போகிறார், பார்த்து எழுதச் சொல்கிறேன் என்றார். மனுக் குடுத்தவர்கள் யாரும் வேலிக்குள் வரக்கூடாது.

வெளியே வந்ததும் தமையன் வெடித்தார். "ஓமெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் என்ன குறைஞ்சு போயிருப்பாய்? கிணறு தூர்ந்திருந்தால்? இடிஞ்சு காட்டோட காடாப் போயிருந்தால்? இருபத்து மூண்டு குடும்பத்தின்ர கழுத்தையும் ஒரு பழைய படத்தில கொண்டுபோய்க் கட்டியிருக்கிறாய்."

"தெரியும், அண்ணை" என்றா. ஓட்டோவில் வரும் வழி முழுக்க அவவின் விரல்கள் அளவு நாடாவின் நுனியைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தன.

அந்த நில அளவையாளர் காடு வெட்ட ஆள் தேடுகிறார் என்று பியோன் எனக்குச் சொல்லியிருந்தார். நான் அந்த ஊர் ஆள் இல்லை, மனுவும் குடுக்கவில்லை. கடையில் என் தெறி வேலையும் முடிகிற காலம். நாளைக்கு அவரோடு போகப்போகிறேன் என்று பின்னேரம் அக்காவிடம் சொன்னேன். நாற்பது பாவாடை தைத்துத் தருவதாக அவ வாக்குக் குடுத்திருந்தா. மடிப்புப் பிடித்துக்கொண்டிருந்தவ தலையை நிமிர்த்தவில்லை.

"கிணறு இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லும்."

"ஓம், அக்கா."

மறுநாள் காலை ஆறரைக்குச் சந்தியில் போய் நின்றேன். நில அளவையாளர் ஜீப்பிலிருந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"காட்டுக்குள்ள வேலை. நாள் முழுக்க. ஏலுமோ?"

ஏலும் என்றேன். ஒரு காட்டுக்கத்தி தந்தார். என்னோடு இன்னும் இரண்டு பேர். வேலியைத் தாண்டி, குளக்கட்டில் ஏறி இறங்கினோம். காட்டுக்கு நடுவால இந்தப் பக்கம் வெட்டுங்கோ, காட்டை அவ்வளவு அகலமா வெட்டத் தேவையில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். மலை உச்சியும் மதகும் நேரே வந்த இடத்தில் என்னை நிற்கவைத்தார். படப் பிரதியைத் திருப்பி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். வலக்கைப் பக்கம் ஆள் உயரத்துக்கு நாயுண்ணிப் பற்றையும் சூரை முள்ளும். வெட்டினோம். ஒன்றும் இல்லை. பத்து மணிக்குத் தண்ணி குடித்துவிட்டு இன்னும் உள்ளே வெட்டினோம். சேட் கிழிந்தது. மற்ற இருவரும் கத்தியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். நான் நிற்கவில்லை.

பதினொரு மணியளவில் கத்தி கல்லில் பட்டது. முள்ளை இழுத்து எறிந்துவிட்டுக் குந்தினேன். கருங்கல்லால் வட்டமாகக் கட்டியது. பாதி சரிந்து கிடந்தது.

நில அளவையாளர் வந்து எட்டிப் பார்த்தார். "கிணறுதானே?"

"கட்டு இருக்கு" என்றேன். "உள்ளுக்கு மண் விழுந்திருக்கு. தண்ணி இருக்கோ தெரியாது. கட்டில மூண்டு இடத்தில கயிறு தேய்ச்சுத் தேய்ச்சு விரல் போற அளவுக்குத் தடம் இருக்கு. அதை எழுதுங்கோ."

அவர் குனிந்து தடத்துக்குள் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு கொப்பியைத் திறந்து எழுதினார். எழுதி முடித்து, ஒரு அளவு முளையை எடுத்துக் கட்டுக்குப் பக்கத்தில் அடித்தார்.

"கத்தியை எடும்" என்றார். "அடுத்த வளவைப் பார்ப்பம்."